எந்தப் புள்ளிக்கு எந்த மருந்து?

நாற்பதைத் தாண்டிய முகத்தில் தோன்றும் எந்தக் கரும்புள்ளிக்கும் பேச்சு வழக்கில் 'வயசுப் புள்ளி' என்றே பெயர். மருத்துவத்தில் அந்தப் பெயருக்கு உரியது ஒன்றுதான். பல ஆண்டு வெயில் பட்டதால் கன்னம், நெற்றி, புறங்கை ஆகிய இடங்களில் உண்டாகும் தட்டையான, விளிம்பு தெளிவான பழுப்புப் புள்ளி அது. வெளுத்த தோல் உள்ளவர்களிடம் இது மிகுதி. தமிழ்நாட்டு முகங்களில் வயசுப் புள்ளி என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி வேறு வகையைச் சேர்ந்தது: மங்கு, மரு, தலைச்சாயம் ஒவ்வாமல் படிந்த கறுப்பு, தேய்த்துத் தேய்த்து வந்த கறுப்பு. ஒவ்வொன்றும் தோலின் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு காரணத்தால் வருவது. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது; சில சமயம் அதைக் கிளறியும் விடும். மாதக்கணக்கில் களிம்பு தடவியும் பலனில்லை என்று வருவோரில் பலர், புள்ளி இன்னதென்று தெரியாமலேயே மருந்தைத் தொடங்கியவர்கள்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கும் மெலனோசைட் என்ற செல்கள் அதைத் தயாரிக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை, செம்பு அணுக்களைக் கொண்ட டைரோசினேஸ் என்ற நொதி மாற்றுவதில் அந்த வேலை தொடங்குகிறது. தயாரான நிறமி நுண்ணிய பைகளில் அடைபட்டு, சுற்றியுள்ள சாதாரணத் தோல் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு மெலனோசைட் ஏறத்தாழ 36 செல்களுக்கு நிறமி வழங்குகிறது. அதை வாங்கிக்கொண்ட செல் தன் உட்கருவுக்கு மேலே குடை பிடித்தாற்போல் கவித்துக்கொள்கிறது. புற ஊதாக் கதிர் மரபணுவைத் தாக்காமல் காப்பது இந்த ஏற்பாடுதான். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. பைகளின் பருமனும் அவற்றில் அடையும் நிறமியின் அளவும்தான் வேறுபடுகின்றன. மேல்தோல் செல் அடிவரிசையில் பிறந்து மேலே வந்து உதிர நான்கு வாரத்துக்கும் மேல் ஆகும். வயது ஏற ஏற அந்தக் காலம் நீளும். எந்தக் களிம்பானாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் அதன் பலனை எடைபோட முடியாமல் போவதற்கு இதுவே காரணம். ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறதென்றால் அந்தக் களிம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மெலனோசைட்டை முடுக்கிவிடும் முதல் காரணம் வெயில். திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம்; அது வட அட்சம் 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நண்பகல் சூரியன் ஊரின் நேர் உச்சிக்கு வருகிறது. மேகமற்ற ஏப்ரல் நண்பகலில் தென் தமிழ்நாட்டின் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11 என்பதே உச்சப் பிரிவின் தொடக்கம். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் திண்டுக்கல் பேகம்பூரில், அவர் அடக்கமான பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களின் கடைக்காரர்கள், தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலைகளின் தொழிலாளர்கள், வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோர் எல்லோரும் இந்த வெயிலில்தான் இருபது முப்பது ஆண்டு உழைக்கிறார்கள். அருகிலுள்ள சின்னாளபட்டியில் தறிக்கூரையின் கீழ் உட்கார்ந்து நெய்தவரின் கன்னத்தையும், அதே வயதில் களையெடுத்துப் பூப்பறித்தவரின் கன்னத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், புள்ளிகளில் வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

வெயிலில் தோலைக் கறுக்க வைக்கும் கதிர்கள் மூன்று வகை. புற ஊதா பி, 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ளது. தோலைச் சுடுவது இது. கண்ணாடி இதைத் தடுத்துவிடும். புற ஊதா ஏ, 320 முதல் 400 வரை. கண்ணாடியை ஊடுருவி, தோலிலும் ஆழமாக இறங்குகிறது. 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடக் கன்னம் மட்டும் தடித்து, சுருங்கி, இருபது வயது கூடுதலாகத் தெரிந்தது. இந்தியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் என்பதால் இங்கே அது வலக் கன்னத்தில் நடக்கும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் ஒளியே. அதுவும் கறுக்க வைக்கும் என்பது 2010இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. அந்த ஒளி மாநிறத்தையும் கறுப்பையும் சேர்ந்த தோலில் நீடித்த கருமையை உண்டாக்கியது. வெள்ளைத் தோலில் ஒன்றும் செய்யவில்லை. மேல்நாட்டுச் சருமத்துக்காக வடிவமைத்த சன்ஸ்கிரீன் இங்கே பாதி வேலையை மட்டும் செய்வதன் காரணம் இதில் இருக்கிறது.

உண்மையான வயசுப் புள்ளியில் கோளாறு மெலனோசைட்டில் மட்டும் இல்லை. வெயிலில் பழுதுபட்ட சுற்றுச் செல்கள், எண்டோதீலின் போன்ற தூண்டு பொருள்களை ஓயாமல் சுரந்து மெலனோசைட்டை விரட்டிக்கொண்டே இருக்கின்றன. மேல்தோலின் அடிப்பகுதி விரல் விரலாகக் கீழே நீண்டு, அந்த மடிப்புகளில் நிறமி சேர்கிறது. நிறமி முழுவதும் மேல்தோலுக்குள்ளேயே இருப்பது நோயாளிக்கு நல்லது. அந்தச் சிறு பகுதியை நீக்கினால் புள்ளி போய்விடும். அதே இடத்தில் மீண்டும் வருவதும் குறைவு.

மங்கு அப்படி அடங்குவதில்லை. இரு கன்னத்திலும் சமச்சீராக, சில சமயம் நெற்றியிலும் மேலுதட்டிலும், விளிம்பு கலங்கிய பழுப்புத் திட்டாகப் படர்வது இது. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி, வெயில் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். அடுப்பு வெப்பமும் தூண்டக்கூடும். பெண்களின் நோய் என்று பெயர் எடுத்திருந்தாலும் வெளியில் வேலை செய்யும் ஆண்களுக்கும் கணிசமாக வருகிறது. மங்கு படிந்த இடத்தில் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலான படலம் சிதைந்திருக்கும், ரத்த நாளங்கள் கூடியிருக்கும், நிறமியில் ஒரு பங்கு கீழ்த்தோலுக்குள் விழுந்திருக்கும். விழுந்த நிறமியை மேலிருந்து தடவும் களிம்பு எளிதில் எட்டாது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகக் குறையும் மங்கும் உண்டு. மற்றபடி இது அடக்கி வைக்கத்தக்க நோய். ஒரேயடியாகத் தீர்ந்துபோவதாக யாரும் வாக்களித்தால் நம்ப வேண்டியதில்லை.

மரு என்பது தொட்டால் விரலுக்குத் தட்டுப்படுவது. கன்னத்திலும் கண்ணோரத்திலும் கழுத்திலும் கடுகளவில் கறுத்து, வயதோடு பெருகும் இந்தச் சிறு வளர்ச்சிகளை 1925இல் தனி நோயாக விவரித்தவர் ஆல்டோ கஸ்தெல்லானி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பல ஆண்டு பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் இவர். கறுப்பு, மாநிறத் தோல்களுக்கே உரிய இந்த மரு பெரும்பாலும் குடும்ப வழியில் வருகிறது; தாய்க்கு இருந்தால் மகளுக்கும் எதிர்பார்க்கலாம். தீங்கில்லாதது. இதன் பெரிய உருவம், மெழுகு ஒட்டியதுபோலத் தெரியும் சொரசொரப்பான கரும்பழுப்புத் தடிப்பு. இரண்டுக்கும் எந்தக் களிம்பும் உதவாது. மரத்துப்போகும் களிம்பு தடவி, மின்ஊசியால் லேசாகச் சுட்டு எடுப்பதே வழி. ஒரே அமர்வில் பல மருக்கள் உதிர்ந்துவிடும். ஊர்களில் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கலவையில் உருவாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைப்பெடுக்கச் சாக்கடைக்குழாயில் கொட்டும் அதே காரம். மரு எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. கடுகளவு மருவுக்குப் பதில் மிளகளவுப் பள்ளத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

நெற்றியோரம், காதோரம், கழுத்துப் பக்கம் சாம்பல் கலந்த கறுப்பு மெல்லப் படர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது தலைச்சாயத்தைப் பற்றி. கறுப்புச் சாயங்களில் உள்ள பாரா-ஃபீனைலின்டயமின் பலருக்கு ஒவ்வாது. அரிப்போ சிவப்போ பெரிதாக இல்லாமலேயே உள்ளுக்குள் அழற்சி நடந்து நிறமியைக் கீழ்த்தோலில் கொட்டிவிடும். இயற்கை மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் பெரும்பாலும் இந்த ரசாயனம்தான் கலந்திருக்கிறது. குங்குமம், ஒட்டுப்பொட்டு, மணப் பொருள்கள் ஆகியவற்றாலும் இதே விதமான கறுப்பு வரும். காரணப் பொருளை நிறுத்தாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் வீண்.

உராய்வும் கறுக்க வைக்கும். பீர்க்கங்காய் நாரோ நைலான் நாரோ கொண்டு கன்ன எலும்பின் மேல் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு, அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பதே கருமையை வளர்க்கிறது. தொழுகையில் நெற்றி நிலத்தில் படிந்து படிந்து முதியவர்களின் நெற்றியில் தோன்றும் தழும்பும் இதே இனம்தான். பேகம்பூரில் அதை யாரும் நோயாகக் கருதுவதில்லை, கருத வேண்டியதும் இல்லை. கழுத்தின் பின்புறமும் நெற்றிப்பொட்டும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் கதை வேறு. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. களிம்புக் கடைக்குப் போகும் முன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எது என்று பிரித்தறிய பெரிய பரிசோதனைகள் தேவைப்படுவதில்லை. தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியை வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் கீழ், மேல்தோலில் உள்ள நிறமி எடுப்பாகத் தெரியும். ஆழத்தில் உள்ளது மங்கலாகவே இருக்கும். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையோ, எங்கே போனாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும்: இது எந்தப் புள்ளி?

சிகிச்சையின் முதல் படி வெயிலை மறைப்பது. இதைத் தவிர்த்துவிட்டு மற்றதெல்லாம் செய்வது காசுக்குக் கேடு. குடை, துண்டு, அகலத் தொப்பி, முக்காடு ஆகிய எல்லாமே நல்ல மருந்துதான். காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெளியில் இருப்பவர்களுக்குக் கூடவே சன்ஸ்கிரீனும் வேண்டும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், சுட்டுவிரல் நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இராது. வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க நிறமற்ற சன்ஸ்கிரீனால் முடியாது. அதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த, மண்நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் தேவை. காவிக்கும் செம்மண்ணுக்கும் நிறம் கொடுப்பது இந்த இரும்பு ஆக்சைடுதான். மங்கு உள்ளவர்களில் ஒரே களிம்பைப் பயன்படுத்தியபோதும், இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனைப் பூசியவர்களுக்குக் கருமை கூடுதலாகக் குறைந்தது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது.

நிறமியைக் குறைக்கும் களிம்புகளின் கதை ஒரு தோல் ஷாப்பில் தொடங்குகிறது. 1939இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் தொழிலாளர்களுக்குக் கைகளிலும் முன்கைகளிலும் வெண்திட்டுகள் விழுந்தன. தோல் பதனிடும் ரசாயனங்களையெல்லாம் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் பிடிபட்டது அவர்கள் அணிந்திருந்த ரப்பர் கையுறை. ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்திருந்த ஹைட்ரோகுயினோனின் மோனோபென்சைல் ஈதர் என்ற பொருள், வியர்வையோடு தோலில் இறங்கி மெலனோசைட்டுகளைக் கொன்றிருந்தது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் தொட்டு இத்தொழிலை நடத்திவரும் திண்டுக்கல்லில், அங்கே நடந்ததைச் சொன்னால் பழைய தொழிலாளர்களுக்கு எளிதில் புரியும், டி. செல்வராஜின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவல் பேசுவது இந்த ஊர்த் தொழிலாளர்களின் கையும் காலும் பட்ட பாட்டைத்தான். கொல்லும் அந்தப் பொருளை முகப்புள்ளிக்குப் பயன்படுத்த முடியாது. அதன் மூலப்பொருளான ஹைட்ரோகுயினோன் மென்மையாக வேலை செய்தது. டைரோசினேஸ் நொதியை மறித்து, நிறமி உற்பத்தியைக் குறைத்தது. 1960களில் இருந்து இன்றுவரை நிறமிக் களிம்புகளில் ஒப்பீட்டு அளவுகோல் அதுவே.

அளவுகோல் என்பதால் அபாயம் இல்லாமல் போய்விடவில்லை. 2 முதல் 4 சதவீதச் செறிவில், இரவில் மட்டும், மூன்று நான்கு மாதம் வரை மருத்துவர் பார்வையில் தடவுவது முறை. ஆண்டுக்கணக்கில் தடவினால் முகம் நீலம் கலந்த கறுப்பாகி, அரிசி அரிசியாகத் தடிக்கும் ஓக்ரோனோசிஸ் என்ற நிலை வரலாம். தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் களிம்பு பூசிய கறுப்பினப் பெண்களிடம் 1975இல் இது விவரிக்கப்பட்டது. போன நிறத்தைவிட மோசமான நிறம், அதுவும் போகாத நிறம். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் அழகுக் களிம்புகளில் ஹைட்ரோகுயினோனைத் தடைசெய்தது. அமெரிக்காவில் 2020இல் மருந்துச் சீட்டில்லா விற்பனை நிறுத்தப்பட்டது. 'ஹைட்ரோகுயினோன் இல்லை' என்று விளம்பரப்படுத்துவதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 2013 ஜூலையில் ஜப்பானின் கானெபோ நிறுவனம் ரோடோடெனால் என்ற புதிய பொருள் கலந்த களிம்புகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்திட்டுகள் விழுந்திருந்தன. தோல் ஷாப்பின் கையுறை காட்டிய பாடத்தை எழுபது ஆண்டுக்குப் பிறகு ஓர் அழகுப்பொருள் நிறுவனம் மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

ஹைட்ரோகுயினோனுக்கு அடுத்த இடம் ட்ரெட்டினோயினுக்கு. வைட்டமின் ஏயிலிருந்து வந்த இது, மேல்தோல் செல்களை விரைவாகப் புதுப்பித்து நிறமியை வெளியேற்றுகிறது. உண்மையான வயசுப் புள்ளிக்கு 0.1 சதவீத ட்ரெட்டினோயினைப் பத்து மாதம் தடவிப் பார்த்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. முகப்புள்ளி உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது வெளிறியது. பத்து மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் தோல் உரியும், எரியும். மாநிறத் தோலில் அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும் என்பதால் குறைந்த செறிவில், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்குகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அவர்களுக்கு ஏற்றது அசெலாயிக் அமிலம். தேமலை உண்டாக்கும் பூஞ்சையை ஆராயும்போது கிடைத்த பொருள் இது. தேமல் ஏன் வெளுப்பாக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து மங்குக்கு ஒரு மருந்து வந்தது. அரிசியை நொதிக்க வைக்கும் பூஞ்சையிலிருந்து ஜப்பானில் பிரித்தெடுத்த கோஜிக் அமிலம், நிறமிப் பைகள் சுற்றுச் செல்களுக்குப் போவதைத் தடுக்கும் நியாசினமைடு, வைட்டமின் சி ஆகியவை எல்லாம் உதவும். அவற்றின் வீரியம் மிதமானது.

களிம்புக்குக் கட்டுப்படாத மங்குக்கு அண்மைக் காலத்தில் மருத்துவர்கள் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரையைத் தருகிறார்கள். ரத்தப் போக்கை நிறுத்துவதற்காக ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் கண்டறிந்த மருந்து இது. 1979இல் அங்கே வேறொரு தோல் நோய்க்காக இதைச் சாப்பிட்டவரின் மங்கு தற்செயலாக வெளிறியது. 250 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை, சில மாதங்கள் என்பது வழக்கமான முறை. ரத்தம் உறைய வைக்கும் தன்மை உள்ளதால், காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரை இதுவல்ல.

வீட்டு மருந்துகளில் சில தீங்கற்றவை, சில உதவுபவை, ஒன்றிரண்டு ஆபத்தானவை. அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் டைரோசினேஸை மறிக்கிறது என்பது ஆய்வகத்தில் உறுதியானது. அழகுக் களிம்புகளில் அதன் சாறு சேர்க்கப்படுவதும் அதனால்தான். கற்றாழை எரிச்சலைத் தணிக்கும். ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், சந்தனம் ஆகியவற்றால் கெடுதல் இல்லை, பெரிய மாற்றமும் இல்லை. எலுமிச்சைதான் விலக்க வேண்டியது. அதன் சாற்றிலும் தோலிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிவிடும். பொசுங்கிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கரும்புள்ளிக்குப் பூசியதே கரும்புள்ளியாகி நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேட்டைச் செய்துகொண்டிருப்பது ஸ்டீராய்டு களிம்பு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மிதமான ஸ்டீராய்டு மூன்றையும் சேர்க்கும் முறையை 1975இல் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிஸும் வகுத்தார்கள். மூன்றும் சேர்ந்தால் மங்கு விரைவாக வெளிறுவது உண்மை. எட்டு வாரம் அளவில், மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டிய கூட்டு அது. இந்தியச் சந்தையில் அதே கூட்டு, வீரியமான மொமெட்டசோன் கலந்து, மருந்துக் கடையில் 'முகக் களிம்பு' என்று கேட்பவருக்கெல்லாம் கிடைத்தது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு வெடிக்கும், பெண்களுக்கும் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவார்கள். 2011இல் வெளிவந்த, இந்தியாவின் 12 மையங்களில் நடந்த ஆய்வில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்களின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருந்துச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று அறிவித்தது. சட்டம் தெருமுனைக் கடைவரை முழுதாக இறங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. குழாயில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று வாங்குபவரே பார்த்துக்கொள்வது நல்லது.

பெயரே இல்லாத களிம்புகள் இன்னொரு வகை. தயாரித்த ஊர், நிறுவனம், உட்பொருள் எதுவும் அச்சிடாமல், 'வெளிநாட்டுச் சரக்கு' என்று கைமாறுபவற்றில் பாதரசம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. பாதரசம் டைரோசினேஸின் வேலையை நிறுத்தி முகத்தை வெளுக்க வைக்கும். கூடவே சிறுநீரகத்தின் வடிகட்டியைச் சேதப்படுத்தும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், 15 பேரிடம் அதன் அரிய வடிவம் ஒன்றைக் கண்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். மினமாட்டா என்ற சர்வதேச ஒப்பந்தம் பாதரச அழகுப் பொருள்களுக்குத் தடை விதிக்கிறது. இந்தியா அதில் 2018இல் இணைந்தது. முகப்புள்ளிக்காகச் சிறுநீரகத்தை அடகு வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

களிம்புக்கு மேல் போனால் கருவிகள். உண்மையான வயசுப் புள்ளிக்கு லேசர் மிக நன்றாக வேலை செய்யும். சரியான அலைநீளமும் மிகக் குறுகிய துடிப்பும் இருந்தால், சுற்றுத் திசுவைச் சுடாமல் நிறமியை மட்டும் உடைக்கலாம் என்ற கொள்கையை ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வெளியிட்டார்கள். இன்றைய லேசர்களின் துடிப்பு நொடியின் நூறு கோடியில் சில பங்கு, அதற்கும் குறைவு. வெள்ளைத் தோலில் 532 நானோமீட்டர் கதிரால் ஓரிரு அமர்வில் புள்ளி உதிர்ந்துவிடும். மாநிறத் தோலில் அதே கதிர் புள்ளியையும் நல்ல தோலையும் ஒருசேரப் பார்க்கிறது. இரண்டிலும் மெலனின் உண்டல்லவா? புள்ளி போன இடத்தில் சில வாரத்தில் அதைவிடக் கறுத்த திட்டு வருவது இங்கே அடிக்கடி நடப்பது. ஆகவே சிறு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முழு முகத்துக்கும் போக வேண்டும். மங்குக்கு லேசர் முதல் சிகிச்சையே அல்ல. வெளிறியதுபோல் தெரிந்து, இரண்டு மூன்று மாதத்தில் முன்பைவிட அடர்ந்து திரும்புவது உண்டு. அமர்வுகள் கூடினால் இடையிடையே வெண்புள்ளி விழுவதும் உண்டு. பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் அழகு நிலையத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது மேல்நாட்டில் சாதாரணம். மெலனோசைட் மைனஸ் 5 டிகிரி அளவிலேயே இறந்துவிடும். மற்ற தோல் செல்கள் மைனஸ் 20க்குக் கீழும் தாங்கும். கறுத்த கன்னத்தில் நிலையான வெள்ளை வட்டம் வேண்டாமென்றால் இதைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். கிளைகாலிக் அமிலம் போன்றவற்றால் மேல்தோலை உரிப்பது, தேர்ந்த கையில், குறைந்த செறிவில் தொடங்கினால் களிம்புக்குத் துணையாகும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் கொஞ்சம். வயசுப் புள்ளியும் மருவும் நீங்கும். சாயத்தால் வந்த கறுப்பு, சாயத்தை விட்ட பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளிறும். மங்கு நான்கு முதல் ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தால் அது நல்ல பலன். கோடை வந்ததும் மறுபடி தலைகாட்டினால் சிகிச்சை தோற்றுவிட்டதாகப் பொருளில்லை, சன்ஸ்கிரீன் தளர்ந்துவிட்டதாகவே பொருள். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் முறையான தேர்வுதான். இவை உடலுக்குத் தீங்கில்லாத புள்ளிகள்.

தீங்குள்ள புள்ளி ஒன்று உண்டு. வயதானவரின் மூக்கோரத்திலோ கண்ணுக்குக் கீழோ, முத்துபோலப் பளபளக்கும் கறுத்த சிறு மேடு மெல்ல வளர்ந்து, நடுவில் குழிந்து, ஆறாத புண்ணாகி, அவ்வப்போது ரத்தம் கசிந்தால், அது அடிவரிசைச் செல் புற்றுநோயாக இருக்கலாம். மேல்நாட்டில் இது இளஞ்சிவப்பாகத் தெரியும். இந்தியத் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்றோ மரு என்றோ நினைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், சிலர் சுண்ணாம்பும் வைக்கிறார்கள். ஒரே புள்ளியில் பல நிறம், ஒழுங்கற்ற விளிம்பு, சில மாதத்துக்குள் பருமன் கூடுவது ஆகியவையும் காட்ட வேண்டிய அறிகுறிகள். இத்தகைய புள்ளியில் களிம்போ லேசரோ படும் முன் சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அடிவரிசைச் செல் புற்றுநோய் உடலின் பிற பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. சிறிதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அதோடு குணமாகிவிடுகிறது.